மதகுப் படத்தில் இல்லாத ஆள்

படத்தில் செல்லதுரை இல்லை.

விடிந்ததும் இரண்டு ஊருக்கும் பொதுவான வாட்சப் குழுவில் அந்தப் படம் வந்து விழுந்தது. ஆலமரத்தடி மதகு, எடுத்து வைத்த பலகைகள், திறந்த கண்ணில் பாய்கிற தண்ணீர், பின்னால் அந்தி வானம் என்று எல்லாமே துலக்கி வைத்த குத்துவிளக்கு மாதிரித் தெளிவாக இருந்தன. கரையில் மேலச்செறுவை ஆட்கள் மூன்று பேர் மாப்பிள்ளைத் தோழர்கள் போல விறைத்து நின்றார்கள். கீழச்செறுவை சார்பில் நிற்க வேண்டிய செல்லதுரையைத்தான் காணோம்.

"உங்க ஆளு எங்கப்பா? மரத்து மேல ஏறி உக்காந்திருக்காரா?" என்று மேலச்செறுவைப் புகழேந்தி குரல்பதிவு போட்டார். அதற்குக் கீழே சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக வந்தன. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவருடைய ஆட்கள் மதகுக்குப் போய்ப் பலகைகளைத் திரும்ப இறக்கிவிட்டார்கள். ராத்திரி முழுக்கக் கீழே ஓடிய தண்ணீர் நின்றுபோனது.

அந்த வாய்க்காலில் தண்ணீர் குறைந்துவிட்டால் முறை வைத்துப் பாய்ச்சுவது வழக்கம். பலகை போட்டிருந்தால் தண்ணீர் ஏறி மேலச்செறுவைப் பக்கம் திரும்பும். பலகையை எடுத்தால் கீழச்செறுவைக்கு ஓடும். முறை மாறுகிற அந்தியில் இரண்டு ஊரிலிருந்தும் ஆள் வந்து மதகில் இருக்க வேண்டும். வராத ஊருக்கு அந்த முறை கிடையாது. வந்தானா வரவில்லையா என்று ஒருமுறை மண்டை உடைந்த பிறகு, படம் எடுத்துக் குழுவில் போடுவது என்று முடிவானது. போனில் எடுத்த படத்தில் வானம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. ஆலமர நிழலில் மதகு கரிக்கட்டையாகக் கிடந்தது. நிற்பது ஆளா, மரத்தின் விழுதா என்று அதற்கு ஒரு சண்டை.

கடைசியில் குடவாசலில் ஸ்டூடியோ வைத்திருக்கிற ஜாபிரிடம் போனார்கள். இரண்டு ஊர்க் கல்யாணமும் காதுகுத்தும் எடுப்பவர் அவர். இரண்டுக்கும் பொது ஆள். அவர் தன் பழைய காமிரா ஒன்றை ஸ்டாண்டோடு மதகுக்கென்றே கொடுத்தார். ஒரே காட்சியை மூன்று தடவை எடுக்க வேண்டும். வானத்துக்கு ஏற்ற வெளிச்சத்தில் ஒன்று, நிழலுக்கு ஏற்றபடி ஒன்று, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. ஒவ்வொரு தடவையும் காமிராவின் வெளிச்சத் திருகைக் கையால் திருப்ப வேண்டும். பிறகு மூன்றையும் அவர் கம்ப்யூட்டரில் சேர்த்து ஒரே படமாக்கித் தருவார். அதில் வானமும் தெரியும், நிழலும் தெரியும். ஊருக்கு ஓர் ஆளுக்கு எடுக்கக் கற்றுக்கொடுத்தார். ஒரு முறை இந்த ஊர் எடுத்தால் அடுத்த முறை அந்த ஊர். நேற்று எடுத்தது புகழேந்தி.

மூன்றை ஒன்றாகச் சேர்க்கிற அந்த மென்பொருளுக்குக் கூட்டொளி என்று பெயர். அதை எழுதியவன் கீழச்செறுவை நெடுமாறன்.

நெடுமாறன் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன். அது சோற்றுக்கு. கூட்டொளி மனசுக்கு. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். அதன் உள்ளே எழுதியிருக்கிற ஒவ்வொரு வரியையும் திறந்து பார்க்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். முகம் தெரியாத ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் அதைத் திருத்தி அனுப்புவார்கள். தண்ணீர்ப்பந்தல் வைப்பவன் குடிக்க வருகிறவனின் பெயரைக் கேட்பதில்லை. அப்படித்தான் அவனும் நினைத்திருந்தான்.

செல்லதுரை வேறுவிதமாக நினைத்தார். "என் அண்ணன் மவன் பெரிய என்ஜினீயரு. ஒலகத்துக்கே ஓசியில கூலி வேலை பாக்குறான். நாம ஓசிக் கூலியிலேருந்து வெளில வர ரெண்டு தலைமொற ஆச்சு. இவன் திரும்பிப் போறான்" என்று டீக்கடையில் உட்கார்ந்து சொல்வார். சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். நெடுமாறன் அந்தக் கடைக்குப் போவதையே விட்டுவிட்டான்.

செல்லதுரை அவனுக்குச் சித்தப்பா முறை. பெரிய பகை ஒன்றும் இல்லை, ஒரு முழ வரப்பு. ஆனால் பங்காளிப் பகைக்கு அதுவே ஏக்கர் கணக்கு. நெடுமாறனின் அப்பா இறந்தபோது நாலு வீடு தள்ளி இருந்த செல்லதுரை பாடைக்குத் தோள் கொடுக்க வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார். அன்றிலிருந்து நெடுமாறன் அவரைச் சித்தப்பா என்று வாயால் சொன்னதில்லை. 'அந்த ஆளு' என்பான்.

ஆகவே குழுவில் படத்தைப் பார்த்ததும் அவனுக்குள் இனிப்பாக ஏதோ கரைந்தது. அதை மறைக்கவும் அவன் முயலவில்லை.

"செவ்வந்தி, இத பாரேன். அந்த ஆளு மதகுக்கே போகல. ஊர மொத்தமா கவுத்துட்டான்."

அவன் மனைவி செவ்வந்தி அடுப்பைத் தணித்துவிட்டு வந்து பார்த்தாள். அவர்கள் வயலுக்கு போர்செட் உண்டு. இந்த முறைத் தண்ணீரை நம்பி அவர்கள் இல்லை. ஆனால் ஊரில் பாதிக்கு மேல் வாய்க்காலை நம்பித்தான் கிடந்தது. தை மாதம், மேட்டூரை மூடப் போகிற நேரம். கதிர் பால் பிடித்துக்கொண்டிருந்தது. இப்போது ஒரு தண்ணீர் விட்டால் நெல், விடாவிட்டால் பதர்.

"நேத்து ராத்திரி தண்ணி வந்துச்சேங்க" என்றாள் செவ்வந்தி. "கொல்லைப் பக்கம் போனப்ப வாய்க்கால்ல சத்தம் கேட்டுச்சு. ஆளு போவாமலா வந்துச்சு?"

"மேலச்செறுவைக்காரன் எடுத்துவிட்டிருப்பான்."

"அவன் நமக்கு எடுத்துவிடுவானா? நல்லா சொன்னீங்க போங்க." அவள் அடுப்புக்குத் திரும்பினாள். "செல்லதுரை மாமா பொண்டாட்டி கொழாயடிக்கு வந்துச்சு. ஒருத்தரும் கொடத்த நகத்தி எடம் விடல. ஒரு சொல்லு பேசல. நான்தான் ரெண்டு கொடம் புடிச்சுக் குடுத்தேன். நீங்க கோச்சுக்கிட்டாலும் சரி."

நெடுமாறன் கோபித்துக்கொண்டான். ஆனால் கேள்வி உள்ளே தங்கிவிட்டது. அறைக்குள் போய்ப் படத்தைப் பெரிய திரையில் போட்டான்.

மதகின் ஓரத்தில், பலகை இறங்குகிற காடிக்குப் பக்கத்தில், தண்ணீர் சரியாக இல்லை. மற்ற இடமெல்லாம் நுரையும் சுழிப்புமாக இருக்க, அங்கே மட்டும் எண்ணெய் தடவிய தரை போல வழுவழுப்பாக இருந்தது. அந்த வழுவழுப்பின் விளிம்பிலிருந்து வட்டவட்டமாக அலை கிளம்பியது. யாரோ கையை விட்டுக் கிளறினால் வருகிற அலை. அலை இருந்தது, கை இல்லை. கரையில் ஈரம் சொட்டச் சொட்ட ஒரு குவியல் ஆகாயத்தாமரை கிடந்தது. அதை வாரிப் போட்டவனும் இல்லை.

 ஜாபிருக்குப் போன் போட்டான்.

"பாய், நேத்து மதகுப் படம், சேக்குறதுக்கு முன்னாடி இருந்த மூனும் வேணும்."

"அழிச்சிட்டேனேப்பா. இன்னிக்கு நாச்சியார்கோயில்ல வளைகாப்பு, கார்டு பத்தல. ஏன்?"

"சேத்தப்ப அசைவு நீக்குறத அமுக்குனீங்களா?"

"நான் எதையும் அமுக்கலயே. மூனையும் உள்ள போட்டேன், ஒன்னா வந்துச்சு, அனுப்பிட்டேன்."

நெடுமாறன் திரையில் அந்த வழுவழுப்பைத் திரும்பவும் பார்த்தான். "அது இப்ப தானாவே வேலை செய்யும் பாய். போன மாசம் புதுசு விட்டேன்ல, அதுல மாத்திட்டேன். கல்யாண மண்டபத்துல ஓடுற புள்ளைங்க பாதி உடம்போட பேய் மாதிரி தெரியுதுன்னு நீங்கதான் பொலம்புனீங்க."

"பொலம்புனேன். அதுக்காக ஆளையே தூக்கிருவியா நீ?" ஜாபிர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "யா அல்லா. செல்லதுரை நேத்து அங்க இருந்தாரா?"

"இருந்திருப்பாரு" என்றான் நெடுமாறன். வாய் கசந்தது.

அவன் எழுதிய விதி எளிமையானது. மூன்று படங்களையும் இடம் இடமாக ஒப்பிடு. எந்த இரண்டு ஒத்துப்போகிறதோ அதை வைத்துக்கொள், ஒத்துவராத ஒன்றைத் தள்ளு. கரையில் போட்டோவுக்கு நின்றவர்கள் ஆடாமல் நின்றார்கள், அவர்கள் நிலைத்தார்கள். செல்லதுரை தண்ணீருக்குள் இறங்கிக் காடியில் சிக்கிய ஆகாயத்தாமரையை வாரிக்கொண்டிருந்திருப்பார். புகழேந்தி திருகைத் திருப்பித் திருப்பி எடுப்பதற்குள் அவர் மூன்று இடத்தில் இருந்திருப்பார். ஒவ்வோர் இடத்திலும் இரண்டு படங்கள் சேர்ந்துகொண்டு 'இங்கே யாருமில்லை' என்று சொல்லியிருக்கும். வேலை செய்தவன் அழிந்தான். வேடிக்கை பார்த்தவர்கள் தங்கினார்கள்.

இது அவனுக்கு மட்டும் தெரியும். சொல்லாமல் இருந்துவிட்டால் உலகத்தில் வேறு யாருக்கும் தெரியப்போவதில்லை. சொன்னால், ஊரெல்லாம் சாட்சியாக வைத்திருக்கிற தன் படம் பொய் என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டும். அதுவும் யாருக்காக? அப்பாவின் பாடைக்குக் கதவைச் சாத்திக்கொண்டவனுக்காக. 'அந்த ஆளு படட்டும்' என்று ஒரு குரல் உள்ளே சொன்னது.  சட்டையை மாட்டிக்கொண்டு, ஊர் கூடுகிற பிடாரி கோயில் வாசலுக்குப் போனான். என்ன நடக்கிறது என்று பார்க்கத்தான் போனான்.

அங்கே ஊர் கூடியிருந்தது. நடுவில் செல்லதுரை, துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றார்.

"மேலச்செறுவைக்காரன் என்னத்தய்யா ஊத்துனான்? சரக்கா, சாராயமா?"

"நான் தொட்டு வருசக்கணக்காச்சுடா!"

"அப்ப பிரியாணி."

சிரிப்பு எழுந்தது. ஆனால் அதில் மகிழ்ச்சி இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு.

"எறங்கிப் பலகைய எடுத்தது நானு. காடியில அடைச்சிருந்ததக் கையால வாரிப் போட்டது நானு. இத பாருங்கடா, மொழங்கைத் தோலு உரிஞ்சிருக்கு!" செல்லதுரை கையைத் தூக்கிக் காட்டினார்.

"கருவ முள்ளு கிழிச்சாலும் உரியும்."

"எம் புள்ள படிப்பு இந்த வயல்லதான் இருக்கு" என்று ஒரு பெண் கூட்டத்தின் பின்னாலிருந்து கத்தினாள். "பிரியாணிக்கு எங்க வயல வித்துட்டியா? ஒன்னோடதும் சேந்துதான் கருகும்!"

செல்லதுரையின் கழுத்து நரம்பு புடைத்தது. கோயிலைப் பார்த்துத் திரும்பினார். "ஏத்துங்கடா கற்பூரத்த. பிடாரி முன்னாடி அடிச்சு அணைச்சு சத்தியம் பண்றேன். நான் போகலன்னா ஆத்தா என் கண்ண எடுத்துக்கட்டும்."

 அந்த ஊரில் கற்பூரம் அடித்துச் செய்த சத்தியத்துக்கு மேல் யாரும் பேசியதில்லை. பொய்ச்சத்தியம் செய்யத் துணிந்தவனும் அந்த ஊரில் இருந்ததில்லை. ஒருவர் கற்பூரத்தை எடுக்கக் கோயில் பக்கம் நகர்ந்தார்.

ஊர்த்தலைவர் கையை நீட்டித் தடுத்தார். "படம் இருக்கறப்ப கற்பூரம் எதுக்குய்யா? படத்துல நீ இல்ல. அவ்ளோதான்."

அந்தச் சொல் நெடுமாறனின் நடுமார்பில் போய்த் தைத்தது. அவன் அப்பா அந்த வாசலில் விழுந்து கும்பிட்டவர். அவன் அம்மா அவனுக்கு அம்மை போட்டபோது அந்த மண்ணைத்தான் எடுத்து நெற்றியில் பூசினாள். மாடியில் உட்கார்ந்து அவன் தட்டிய நாலு வரி இப்போது அந்த ஆத்தாவுக்கும் மேலான சாட்சியாக வந்து நிற்கிறது. அதுவும் பொய்ச்சாட்சியாக. ஆண்டவன் சிலரைத் திருத்தக் கோபத்தை அனுப்புகிறான், சிலருக்கு வெட்கத்தை அனுப்புகிறான். நெடுமாறனுக்கு வெட்கம் வந்தது.

"படம் தப்பு" என்றான். அவன் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

எல்லோரும் திரும்பினார்கள். அவன் உள்ளே நடந்து போய், நடந்ததைச் சொன்னான். அசைகிறதை அழிக்கிற விதி, அதைத் தான் தானாகவே வேலை செய்யும்படி மாற்றியது, யாருக்கும் சொல்லாதது எல்லாவற்றையும் சொன்னான்.

"ஓகோ. கடைசில பங்காளி பங்காளியோட சேந்துக்கிட்டான்" என்றது ஒரு குரல்.

"ரெண்டு பேரும் சேந்து திட்டம் போட்டானுவோ போலருக்கு."

செல்லதுரை எல்லோரையும்விடக் கோபமாக இருந்தார். "நீ யாருடா எனக்குச் சாட்சி சொல்ல? ஒன் அப்பன் செத்ததுக்கு நான் வல்ல. எனக்கு நீ வராத. ஒன் பிச்சை எனக்கு வேணாம்."

"உங்களுக்காக வரல" என்றான் நெடுமாறன், அவர் முகத்தைப் பார்க்காமல். "நான் செஞ்சது பொய் சொல்லியிருக்கு. அதுக்காக வந்தேன். உங்க மேல எனக்கு ஒரு பிரியமும் கிடையாது."

"அப்ப சரி" என்றார் செல்லதுரை. அந்தப் பதில் அவருக்கு ஏதோ விதத்தில் ஆறுதலாக இருந்தது போலிருந்தது.

நம்புவோரும் நம்பாதவர்களுமாகப் பேசி, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். சாயங்காலம் மேலச்செறுவைக்காரர்களை மதகுக்கு வரச் சொல்வது. அதே வெளிச்சத்தில், அதே காமிராவில் எடுத்து நெடுமாறன் சொல்வதைச் சோதிப்பது.

வெயில் தாழ்ந்தபோது மதகில் இரண்டு கரையும் நிறைந்திருந்தது. ஜாபிர் வளைகாப்பை முடித்த கையோடு வந்துவிட்டார். மத்தியானச் சாப்பாடுகூட இறங்கவில்லை என்று சொல்லிக்கொண்டே ஸ்டாண்டை நட்டார். மேலச்செறுவைக் கூட்டத்துக்கு முன்னால் புகழேந்தி வெள்ளை வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நின்றார்.

"வாங்க கம்ப்யூட்டர் தம்பி. நேத்து வரைக்கும் ஒம் படம் வேதவாக்கு. இன்னிக்குத் தண்ணி நின்னதும் பொய்யாயிடுச்சா?"

"ஆமாண்ணே. தப்பு என்னோடதுதான்."

"தப்பு செய்யத் தெரியாத படம்னுதானய்யா எங்க தலையில கட்டுனீங்க? அப்ப போன தடவ எங்க ஆளு வல்லன்னு நீங்க குதிச்சீங்களே, அதுவும் பொய்யா? இதுக்குத்தான் ஓசியில கெடைக்கிறத வீட்டுக்குள்ள சேக்கக் கூடாதுங்குறது."

மேலச்செறுவைக் கூட்டம் கைதட்டிச் சிரித்தது. இந்தப் பக்கம் சிலரும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். நெடுமாறனின் காது சூடானது. செல்லதுரை டீக்கடையில் சொன்னதையே இப்போது அயலூர்க்காரர் நடு மதகில் நின்று சொல்கிறார். திரும்பிப் பார்த்தான். செல்லதுரை சிரிக்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கே அதைத் திரும்ப மாத்திடுறேண்ணே" என்றான் நெடுமாறன். "இப்ப ஒருத்தர் மதகுல நடந்து காட்டினா போதும், புரிஞ்சிடும்." செல்லதுரை பக்கம் பார்த்தான்.

"நான் என்ன கூத்தாடியா?" என்று செல்லதுரை உறுமினார். "இவன் படம் புடிக்க நான் தண்ணிக்குள்ள ஆடிக் காட்டணுமா? போடா."

"நான் நடக்குறேன்யா!" புகழேந்தி மார்பைத் தட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "தும்பப்பூவாட்டம் வெள்ளை வேட்டி. எந்த மெஷினு என்ன அழிக்குதுன்னு பாத்துருவோம்."

மதகுக் கட்டையின் மேல் அவர் நடந்தார். கல்யாண ஊர்வலம் போல நிதானமாக, இரண்டு பக்கமும் பார்த்துச் சிரித்துக்கொண்டே நடந்தார். ஜாபிர் ஒன்று எடுத்தார், திருகைத் திருப்பினார், இன்னொன்று, மறுபடியும் திருப்பினார், மூன்றாவது. பைக் சீட்டின் மேல் மடிக்கணினியை வைத்து மூன்றையும் உள்ளே போட்டார். எல்லோரும் கழுத்தை நீட்டிக்கொண்டு சூழ்ந்தார்கள்.

படம் வந்தது. ஆலமரம் இருந்தது. வானம் இருந்தது. மதகுக் கட்டையில் ஒரு காக்கை ஆடாமல் உட்கார்ந்திருந்தது.

"நான் எங்கய்யா?" என்றார் புகழேந்தி.

"அண்ணன் இன்னிக்கு வரவே இல்ல போலருக்கு" என்று அவருடைய ஆள் ஒருவனே சொல்லிவிட்டான். அடக்க முடியாமல் வந்த சிரிப்பு இரண்டு கரையிலும் ஒன்றாக எழுந்தது. புகழேந்தியின் முகம் கறுத்தது. சிரிப்பு சேர்த்த ஊர்களைக் கோபம் மறுபடியும் பிரித்தது.

"செப்படி வித்தை! இவனே எழுதுனது, இவன் கூட்டாளியே அமுக்குறது. எவன் பேரச் சொன்னா எவன அழிக்கணும்னு உள்ள எழுதி வச்சிருப்பான். நாளைக்கு எங்க வயலயே அழிச்சிட்டு, இது எங்க நெலம்பான்!"

"அடிச்சு ஒடைங்கடா அத!" என்று ஒருவன் மடிக்கணினியை நோக்கிக் கை நீட்டினான். ஜாபிர் அதை மார்போடு அணைத்துக்கொண்டார். கீழச்செறுவை இளவட்டங்கள் முன்னால் பாய்ந்தன. ஒருவனுடைய சட்டை இன்னொருவன் பிடியில் கிழிந்தது.

"நில்லுங்க! நான் பாக்குறேன்."

சொன்னது ஒரு பெண். புகழேந்தியின் தம்பி மகள் சுடர்விழி. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள், பொங்கலுக்கு வந்தவள் இன்னும் திரும்பவில்லை. இதுவரை தன் ஊர்ப் பெண்களோடு ஓரமாகத்தான் நின்றிருந்தாள்.

"அண்ணே, இதோட உள் எழுத்து வெளில கெடைக்குமா?" என்று நெடுமாறனிடம் கேட்டாள்.

"கெடைக்கும்மா. யாரு வேணா பாக்கலாம். மறைச்சு வைக்கிற வேலையே அதுல இல்ல."

அவள் தன் போனிலேயே தேடி எடுத்தாள். நின்றபடி படிக்கத் தொடங்கினாள். இரண்டு ஊரும் அவள் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றது. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் ஒருவரும் நகரவில்லை. நெடுமாறனுக்கு இதுவரை தெரியாத ஓர் அச்சம் வந்தது. எத்தனையோ பேர் அவன் எழுதியதைப் படித்திருக்கிறார்கள். தன் தப்பைத் தேடி ஓர் எதிரி ஊர்க்காரி, தன் கண்ணெதிரிலேயே நின்று படிப்பதை இப்போதுதான் பார்க்கிறான். அவள் வேண்டுமென்றே வேறு ஏதாவது சொன்னாலும் அவனால் மறுக்க முடியாது. இங்கே யார் அவனை நம்புவார்கள்?

"பெரியப்பா" என்றாள் அவள், தலையைத் தூக்கி. "இதுல யார் பேரும் இல்ல. யாரையும் தெரிஞ்சு அழிக்கல. மூனு படத்துல ரெண்டு ஒத்துப்போனா அத வச்சிக்குது, ஒத்தையா நிக்கிறதத் தள்ளிருது. அசையாம நின்னா இருப்பீங்க. நடந்தா இல்ல. நீங்க நடந்தீங்க, போயிட்டீங்க."

"நீ எந்த ஊருப் பொண்ணுடி?"

"இந்த ஊருதான். அதனாலதான் கேக்குறேன்." அவள் போனை இறக்கிப் பிடித்துக்கொண்டாள். "காலைலேருந்து எல்லாரும் படத்தையே கேக்குறாங்க. காமிரா ஒங்க கையில இருந்துச்சு பெரியப்பா. நீங்க பாத்தீங்கல்ல. நேத்து அவரு வந்தாரா?"

அவ்வளவுதான் கேள்வி. காலையிலிருந்து இரண்டு ஊரில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றாத கேள்வி. படத்தில் விறைத்து நின்ற மூன்று பேரும் இப்போது கீழே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

 கெட்டவர் என்று புகழேந்தியைச் சொல்லிவிட முடியாது. மேலச்செறுவைத் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேர்கிற அவருடைய கடைமடை வயலும் கோடு கோடாக வெடித்துத்தான் கிடந்தது. அடுத்தவன் தண்ணீர் தானாக வந்து காலில் விழும்போது, அதை எட்டி உதைக்கிற தெம்பு பஞ்சத்தில் எல்லோருக்கும் வந்துவிடாது. பொய் சொல்ல வேண்டிய வேலையும் அவருக்கு இருக்கவில்லை, படமே சொல்லிவிட்டது. வாயைத் திறக்காமல் இருந்ததுதான் அவர் செய்தது. ஆனால் தம்பி மகள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, தன் வாயால் சொல்வது வேறு.

"எங்க கடைமடையும் காயுது" என்றார் மெல்ல, யாரிடமோ சொல்வது போல.

"தெரியும் பெரியப்பா. வந்தாரா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "எடுங்கடா பலகைய. இருட்டப் போவுது." இரண்டடி நடந்து திரும்பினார். "நீ வீட்டுக்கு வா, பேசிக்கிறேன்."

"வர்றேன்" என்றாள் சுடர்விழி.

கீழச்செறுவைக் கரையில் ஒரு பெருமூச்சு ஓடியது. யாரும் செல்லதுரையிடம் போய் மன்னிப்புக் கேட்கவில்லை. காலையில் பிரியாணி என்றவன் அவர் கண்ணில் படாமல் பின்னால் நகர்ந்துகொண்டான். ஊர்த்தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி சரி, வேலையப் பாருங்க" என்றார். மனிதர்களுக்கு ஒருவனைக் குற்றவாளி ஆக்குகிற வேகம், அவனைத் திரும்ப நல்லவன் ஆக்குவதில் வருவதில்லை.

செல்லதுரையும் எதையும் எதிர்பார்த்து நிற்கவில்லை. வேட்டியை இறுக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். காலையில் இறக்கிய பலகைகளுக்கு மேல் பகல் முழுக்க ஆகாயத்தாமரை வந்து அடைத்துப் பாய் விரித்தது போலக் கிடந்தது. அதைத் தள்ளிக்கொண்டு போய் மேல் பலகையின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினார். ஊறிய பலகை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு காடியிலிருந்து வர மறுத்தது. மறுமுனைக்கு ஆள் வேண்டும். அவர் யாரையும் கூப்பிடவில்லை. உரிந்த முழங்கையைக் கல்லில் ஊன்றிக்கொண்டு மறுபடியும் இழுத்தார்.

நெடுமாறன் செருப்பைக் கழற்றினான். கரைச்சரிவில் கால் வைத்தான். சேறு வழுக்கியது, அவனுக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

"சித்தப்பா, அந்தப் பக்கம் நான் புடிக்கிறேன்."

செல்லதுரை திரும்பிப் பார்த்தார். முகத்தில் கொஞ்சமும் இளக்கம் இல்லை. அவனை மேலும் கீழும் பார்த்தார், சட்டைப் பையில் பார்வை நின்றது.

"போன வச்சிக்கிட்டா எறங்குவ, கிறுக்கா? கரையில குடுத்துட்டு வா" என்றார். "மெதுவா. அங்க பள்ளம்."